நிலாவில் எது பழசு?

பௌர்ணமி அன்று நிலாவைப் பார்ப்பதைப் போல வீண் வேலை வேறு இல்லை. அழகாக இருக்கும், சரி. ஆனால் அதன் முகத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் வளர்பிறை அட்டமிதான் தோது. வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழுவதால் பள்ளங்களின் விளிம்பெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். பௌர்ணமிக்கு நம் ஊர் உச்சி வெயில் மாதிரி நேராக அடிக்கும், நிழலே இருக்காது, எல்லாம் தட்டையாகிவிடும். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மண்டபம் ஊரில் அட்டமிக்கு இன்னொரு வசதியும் உண்டு. அன்று கடல் பெரிதாக ஏறாது, இறங்காது, உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து ஓட வேண்டியதில்லை.

போன மாதம் அப்படி ஓர் இரவு தென்கடல் பக்கம் மணலில் உட்கார்ந்திருந்தோம். நான், அக்கா மகள், அப்புறம் ஒரு பைனாகுலர். அது தனுஷ்கோடிப் பக்கம் பூநாரை பார்க்கப் போகும் நண்பனுடையது. (நான் ஆன்லைனில் டெலஸ்கோப் வாங்கி, அதில் நிலாவைத் தேடிப் பிடிப்பதற்குள் ஸ்டாண்டு கழன்று விழுந்த கதையை இங்கே சொல்வதாக இல்லை.) ரொம்ப நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "மாமா, கறுப்பா இருக்கிற இடம்தான் பழசா?"

நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். உப்புக்காற்றில் எந்தச் சுவர் வெள்ளையாகவே இருக்கிறது? பழசானால் கறுக்கும், அதுதானே நமக்குத் தெரிந்த நியாயம். நிலாவில் அது தலைகீழ். வெள்ளைதான் பழசு. கறுப்பு பின்னால் வந்தது.

சுமார் 450 கோடி வருடங்களுக்கு முன்னால், பூமியே கைக்குழந்தையாக இருந்தபோது, செவ்வாய்க் கிரகம் அளவுக்கு ஒன்று வந்து அதன் மேல் மோதியது என்கிறார்கள். அதற்கு தியா என்று பெயர். மோதிய வேகத்தில் பாறை உருகி, ஆவியாகி, மேலே சிதறி, பூமியைச் சுற்றிக்கொண்டே திரண்டு நிலாவாகிவிட்டது. 1969 முதல் 1972 வரை அப்போலோவில் போனவர்கள் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள், அதையெல்லாம் ஆராய்ந்த பிறகு 1970-களின் நடுவில்தான் இந்த எண்ணம் சூடுபிடித்தது. நிலாக் கல்லில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் (அதாவது எடை மட்டும் வேறுபடும் ஆக்சிஜன் அணுக்களின்) விகிதம் பூமிப் பாறையோடு அச்சாக ஒத்துப்போகிறது. நிலாவின் நடுவில் இரும்பும் கொஞ்சம்தான். பூமியின் இரும்பு அதற்குள் அடியில் இறங்கிவிட்டது, சிதறியது பெரும்பாலும் மேலே இருந்த பாறை என்றால் கணக்கு சரியாக வருகிறது. இரண்டு பாறையும் ஏன் இந்த அளவுக்கு ஒத்துப்போக வேண்டும், வந்து மோதியதன் பங்கு எங்கே போனது என்பதில்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்குள் இன்னும் வாக்குவாதம்.

புதிதாகப் பிறந்த நிலாவின் மேற்பரப்பு முழுக்கப் பாறைக்குழம்புக் கடல். அது ஆறும்போது என்ன நடந்தது என்று அக்கா மகளுக்குச் சொல்ல நான் பெரிதாகத் தேடவில்லை, பக்கத்திலேயே வலை கிடந்தது. வலையின் மேல்கயிற்றில் மிதவை, கீழ்க்கயிற்றில் ஈயம். அதே மாதிரி கனமான தாதுக்கள் அடியில் இறங்கின, லேசானவை மேலே மிதந்து தோலாகக் கட்டிக்கொண்டன. அந்தத் தோல்தான் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறை, நாம் பார்க்கும் வெள்ளை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தென்துருவப் பக்கம் இறங்கியது அல்லவா, அதிலிருந்த பிரக்யான் வண்டி 23 இடங்களில் மண்ணைச் சோதித்ததில் அங்கேயும் பெரும்பாலும் இதே சரக்குதான். அப்போலோ இறங்கிய இடங்களெல்லாம் நடுக்கோட்டை ஒட்டி. இது அங்கிருந்து ரொம்பத் தள்ளி. அங்கேயும் அதே தோல் என்றால் குழம்புக் கடல் நிலா முழுக்க இருந்தது என்ற வாதம் இன்னும் கெட்டியாகிறது. இதில் நமக்குக் கொஞ்சம் பெருமை உண்டு: இஸ்ரோ தரையிறங்கிப் பழக நிலா மண் மாதிரி ஒன்று தேவைப்பட்டபோது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி அனார்த்தோசைட்டைத்தான் எடுத்துப் பொடித்தார்கள்.

கறுப்புக்கு வருவோம். சுமார் 390 கோடி வருடங்களுக்கு முன்னால் வரைக்கும் பெரிய பெரிய பாறைகள் வந்து விழுந்து அந்த வெள்ளைத் தோலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குக் குழி பறித்தன. ஆனால் குழி விழுந்த உடனே லாவா நிரம்பிவிடவில்லை. உள்ளே மெல்ல மெல்லச் சூடேறி, விரிசல் வழியாகக் கசிந்து, கோடிக்கணக்கான வருடங்களாகக் குழியை நிரப்பியது. இரும்பு அதிகமுள்ள பசால்ட் பாறை, அதனால் கறுப்பு. வடை சுடும் பாட்டியும் முயலும் இதுதான். 1651-இல் ரிச்சோலி என்ற இத்தாலியர் வரைபடத்தில் இவற்றுக்குக் கடல் என்று பெயர் வைத்தார், மழைக் கடல், அமைதிக் கடல் என்று. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், 1959-இல் சோவியத்தின் லூனா-3 மறுபக்கத்தைப் படம் எடுத்தபோது அங்கே கடலே அனேகமாக இல்லை. அந்தப் பக்கம் தோல் தடிமன், லாவா மேலே வர முடியவில்லை என்பது ஒரு விளக்கம். பாட்டிக்கு அந்தப் பக்கம் அடுப்பு வைக்க இடமில்லை.

வட்டப் பள்ளங்களுக்கு ஒரு சோதனை செய்து காட்டினேன், அது வேறொரு நாள், அமாவாசையை ஒட்டி வடகடல் நன்றாக வற்றியிருந்தபோது. ஈரச் சேற்றின் மேல் காய்ந்த வெள்ளை மணலைத் தூவி, கல்லை ஓங்கி எறிந்தோம். குழியைச் சுற்றிக் கறுப்புச் சேறு கதிர் கதிராகத் தெறித்தது. 1665-இல் இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கும் களிமண்ணில் குண்டு போட்டுப் பார்த்தார். நிலாப் பள்ளம் மாதிரியே வந்தது. ஆனால் ஆகாயத்திலிருந்து விழ அங்கே என்ன இருக்கிறது என்று நினைத்து அதைத் தள்ளிவிட்டார், பாவம். அப்புறம் முந்நூறு வருடம் போல அவை எரிமலை வாய்கள் என்றே பலரும் நம்பினார்கள்.

பௌர்ணமியைத் திட்டியதற்கு ஒரு திருத்தம்: டைக்கோ பள்ளத்திலிருந்து தெறித்த வெள்ளைக் கோடுகள் பௌர்ணமிக்குத்தான் பளிச்சென்று தெரியும். 85 கிலோமீட்டர் அகலம், வயது கிட்டத்தட்ட 11 கோடி வருடம். நிலாக் கணக்கில் அது நேற்று வெட்டிய குழி. காற்றும் இல்லை அலையும் இல்லை, யார் அழிப்பது? இங்கே 1964 டிசம்பரில் ஒரே ராத்திரியில் தனுஷ்கோடி போய்விட்டது.

கடல் ஏறி இறங்குவதாலேயே நிலா வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது என்றேன். அக்கா மகள் எழுந்து கடலைப் பார்த்து, "போதும், நிறுத்து" என்று கத்தினாள்.

அடுத்த அட்டமிக்குப் பைனாகுலர் கிடைக்காது போலிருக்கிறது. பூநாரை வந்துவிட்டதாம், நண்பன் திருப்பிக் கேட்கிறான்.