பாலிஸ்டைரீன் ஏன் தாங்குகிறது? வைவாவில் நான் மாட்டிக்கொண்ட கேள்வி

எம்.எஸ்சி. வேதியியல் கடைசி செமஸ்டரில் கதிர்வீச்சு வேதியியலை விருப்பப் பாடமாக எடுத்தவர்கள் எங்கள் வகுப்பில் ரொம்பக் குறைவு, நான் எடுத்ததும் அது சின்னப் பாடம், சுலபமாக மதிப்பெண் வந்துவிடும் என்று சீனியர் ஒருவர் சொன்னதை நம்பித்தான். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே, கார்பன் சங்கிலியில் பென்சீன் வளையங்கள் தொங்கும் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் காமாக் கதிரை ஏன் தாங்குகிறது என்பது. "பென்சீன் வளையத்தில் ஒத்ததிர்வு இருக்கு சார், பிணைப்பெல்லாம் வலுவானது, உடையாது" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தலையை ஆட்டிவிட்டு, "சரிப்பா, வளையத்தை ஒட்டின சங்கிலிக் கார்பன்ல இருக்கிற ஹைட்ரஜன்? அந்தப் பிணைப்பு பாலிஎத்திலீன்ல இருக்கிறதைவிட வலுவா, பலவீனமா?" என்றார். பென்சைலிக் (வளையத்தை ஒட்டியது), அதிலும் மூவிணையக் கார்பன் (மூன்று கார்பனோடு இணைந்தது), பலவீனம்தான். "அப்போ உன் கணக்குப்படி பாலிஸ்டைரீன்தானே முதல்ல போகணும்?" அவ்வளவுதான், எனக்கு வாய் அடைத்துப்போனது.

நீங்கள் அதே குழியில் விழாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். கோபால்ட்-60 விடும் காமாவின் ஆற்றல் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட், ஒரு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்கத் தேவையானதோ 4 எலக்ட்ரான் வோல்ட் சொச்சம். எந்தப் பிணைப்பானாலும் அதற்கு ஒன்றுதான். கேட்கவேண்டிய கேள்வி, உள்ளே வந்த ஆற்றல் கடைசியில் எங்கே போய் உட்காருகிறது என்பது. வளையத்தின் கிளர்வு நிலைகள் (ஆற்றல் ஏறிய நிலைகள்) தாழ்வானவை, அயனியாக்க ஆற்றலும் குறைவு (பென்சீனுக்கு 9.24, வளையமாக இருந்தும் ஒத்ததிர்வு இல்லாத சைக்ளோஹெக்சேனுக்கு 9.88 எலக்ட்ரான் வோல்ட்), அதனால் பக்கத்தில் விழுந்த கிளர்வும் நேர்மின்னூட்டமும் வளையத்துக்கு நகர்ந்துவிடுகின்றன. அங்கே போனதும் அதிர்வாக, வெப்பமாக, கொஞ்சம் ஒளியாகக் கரைகிறது. பிளாஸ்டிக் சிண்டிலேட்டரை (கதிர் பட்டால் ஒளிரும் பொருளை) பாலிஸ்டைரீனில் செய்வது சும்மா இல்லை. தப்பித்து ஓடும் ஹைட்ரஜன் அணுவையும் வளையம் பிடித்துக்கொள்ளும்.

தேர்வில் ஒரே ஒரு படம் வரையச் சொன்னால் நான் சைக்ளோஹெக்சேன்-பென்சீன் கலவையைத்தான் வரைவேன். ஹைட்ரஜனுக்கான ஜி மதிப்பு (100 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு எத்தனை மூலக்கூறு) முதலாவதுக்குச் சுமார் 5.6, பென்சீனுக்கு வெறும் 0.04. இரண்டையும் கலந்தால் விளைச்சல் நேர்கோட்டில் இறங்காது, கோட்டுக்குக் கீழே தொங்கும். அந்தத் தொங்கல்தான் பாதுகாப்பு, அது இல்லாவிட்டால் வெறும் நீர்த்தல்.

கணக்கும் கேட்பார்கள். ஜி 1 என்றால் ஜூலுக்கு 0.1036 மைக்ரோமோல், இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மருத்துவப் பொருள்களைக் கிருமி நீக்க வழக்கமாகக் கொடுக்கும் 25 கிலோ கிரேயில் (கிரே என்பது உறிஞ்சிய கதிர் அளவின் அலகு) ஒரு கிராமுக்கு 25 ஜூல். பாலிஎத்திலீனின் ஜி-ஐ 3 என்று வைத்தால் கிராமுக்குச் சுமார் 7.8 மைக்ரோமோல் ஹைட்ரஜன், 100 கிராமுக்கு அறை வெப்பநிலையில் கிட்டத்தட்ட 19 மில்லி. பாலிஸ்டைரீனுக்கு 0.03 போட்டால் அதே 100 கிராமில் 0.2 மில்லிகூட வராது. இந்த இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டாலே பாதி விடை முடிந்தது.

அப்புறம், வளையம் இருந்தால் சங்கிலி அறுபடாது என்று எழுதிவிடாதீர்கள். நான்கு பக்கமும் கார்பன் பிடித்த கார்பன் முதுகெலும்பில் (முக்கியச் சங்கிலியில்) இருந்தால், சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைவதைவிட அறுபடல்தான் மேலோங்கும், வளையமே இல்லாத பாலிஐசோபியூட்டிலீன் போல. வளையம் உள்ள பாலி ஆல்ஃபா-மெத்தில்ஸ்டைரீனும் அறுபடுகிறது, ஆனால் அதைவிடப் பல மடங்கு குறைவாக. என்ன நடக்கும் என்பதைச் சங்கிலியின் அமைப்பு முடிவு செய்கிறது, எவ்வளவு நடக்கும் என்பதை வளையம் குறைக்கிறது. வளையம் முதுகெலும்பிலேயே இருக்கும் பாலிஇமைடு, பீக் (PEEK) ஆகிய பிளாஸ்டிக்குகளும் கதிரைத் தாங்குவதில் பாலிஸ்டைரீன் வரிசையிலேயே வரும், சமயத்தில் அதற்கும் மேலே.

தேர்வாளரின் அந்தப் பலவீனமான ஹைட்ரஜன் என்ன ஆனது என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. காற்று உள்ளே போகும் இடத்தில், குறிப்பாகக் கதிர் மெதுவாகப் பல மாதம் விழும்போது, பெராக்சி ரேடிக்கல் (ஆக்சிஜன் சேர்ந்து உருவாகும் வினைவேகம் மிக்க துண்டு) தேடிப்போய்ப் பிடுங்குவது அதைத்தான். மொட்டைமாடி வெயிலில் கிடக்கும் பாலிஸ்டைரீன் டப்பா மஞ்சளடித்து நொறுங்குகிறதே, அங்கேயும் கைவரிசை அந்த ரேடிக்கலுடையதுதான்.