கிங் காங்கின் முடியும் என் விரலும்: குறும்பட வேலை, இதுவரை

மூன்று நிமிடப் படம்தான். விஷயமும் ஒன்றே ஒன்று: 1933-ல் வந்த ‘கிங் காங்’ படத்தில் அந்தக் குரங்கு சும்மா நிற்கும்போதும் அதன் முடி ஏன் சிலிர்த்துக்கொண்டே இருக்கிறது?

காங் முழு உருவமாக நடமாடும் காட்டுக் காட்சிகளில் நாம் பார்ப்பது சுமார் 18 அங்குலப் பொம்மையை. மார்செல் டெல்காடோ செய்தது. உள்ளே மூட்டு மூட்டாக உலோக எலும்புக்கூடு, அதைச் சுற்றி ரப்பர் சதை, மேலே முயல் தோல். படத்தில் பொம்மைகளை அசையவைத்த வில்லிஸ் ஓ’பிரையனின் குழு அதை இம்மியளவு நகர்த்தும், ஒரு பிரேம், அதாவது ஒரே ஒரு படம், எடுக்கும், மறுபடி நகர்த்தும். ஒரு வினாடிக் காட்சிக்கு 24 பிரேம். ஒவ்வொரு முறையும் விரல் பட்ட இடத்தில் முடி கலையும், ஓடவிட்டால் சிலிர்ப்பு. இதைப் பெரிய பிழை என்று படத்தை எடுத்தவர்கள் பதற, பார்த்தவர்களோ குரங்குக்குக் கோபம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். இந்த ஒரு சங்கதியை நானும் இதே போல் நகர்த்தி நகர்த்தி எடுக்கும் ஸ்டாப் மோஷனிலேயே எடுத்துக் காட்ட வேண்டும் என்று ஆசை.

என் பொம்மை 9 அங்குலம். முறுக்கிய அலுமினியக் கம்பி, ஸ்பாஞ்சு, ஒரு பழைய கரடிப் பொம்மையிலிருந்து உரித்த தோல். கரடிக்கு அளவாக இருந்த முடி இந்த உயரத்துக்கு விளக்குமாறு மாதிரி நின்றது. நகவெட்டும் கத்தரிக்கோலால் ஒரு சாயங்காலம் முழுக்க வெட்டினேன். இடது தோள் வழுக்கையாகிவிட்டது. அந்தப் பக்கத்தைக் கேமரா பார்க்காது.

வெளிச்சம் படுத்திய பாடு தனி. ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த முதல் பத்து வினாடியும் மின்னல் வெட்டுவது போல் துடித்தது. கனமான திரை, ஒரே விளக்கு, போனில் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) நிறத்தையும் மாறாமல் பூட்டி வைத்தல் எல்லாம் செய்தும் மங்கலாக ஒரு துடிப்பு மிச்சம். மூன்றாம் நாள்தான் பிடிபட்டது: என் வெள்ளைச் சட்டை. நான் நிற்கும் இடம் மாற மாற, சட்டையில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் மாறியிருக்கிறது. இப்போது கறுப்புச் சட்டை மட்டும்.

212-ஆம் பிரேமில் முழங்கை முறிந்தது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் கம்பி சோர்ந்து ஒடிந்துவிடும். டெல்காடோ ஏன் மூட்டுகளுக்கு மெனக்கெட்டார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கையைக் கழற்றி மாட்டும்படி மாற்றி, உபரியாக இரண்டு கைகள் செய்து வைத்திருக்கிறேன்.

இனி முடிக்கு வருகிறேன். முதலில், ஒவ்வொரு பிரேமுக்கும் பிரஷ்ஷால் உடம்பெல்லாம் லேசாகக் கலைத்துவிட்டேன். பொம்மை மின்விசிறி முன்னால் நிற்பது போல் வந்தது. அடுத்து பல்குச்சியால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிளறினேன். பேன் பிடித்த குரங்கு! வெறுத்துப்போய், முடியை மறந்துவிட்டு, மார்பில் அறைந்துகொள்ளும் காட்சியை எடுக்க உட்கார்ந்தேன். வினாடிக்கு 12 படம் வீதம் ஆறு வினாடிக்கு 72 படங்கள், மூன்றரை மணி நேரம். கவனமெல்லாம் கைகளில்தான், முடி கலைந்தால் நீவிக்கூட விட்டேன். ஓட்டிப் பார்த்தால், மார்பில் அறையும் ஒவ்வொரு தடவையும் முதுகில் சிலிர்ப்பு! பொம்மை ஆடாமல் இருக்க என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்திருந்த அதே இடம். விசை விழும் இடத்தில்தான் பிடி விழும், பிடி விழும் இடத்தில்தான் முடி கலையும். பிரஷ்ஷுக்கு அது எப்படித் தெரியும்? பழைய இரண்டு முயற்சிகளையும் அழித்துவிட்டேன்.

ஒலிக்கு, ‘கிங் காங்’கின் ஒலிக் கலைஞர் மர்ரே ஸ்பிவாக் சிங்கம், புலி உறுமல்களைப் பதிந்து, வேகத்தைக் குறைத்து, தலைகீழாக ஓட்டிச் செய்ததை முயன்றேன். என்னிடம் சிங்கம் இல்லாததால் என் கொட்டாவி. பாதி வேகத்தில், பின்னோக்கி ஓட்டினால், யாரோ மாடியில் அண்டா உருட்டுகிறார்கள். கொட்டாவியோடு ஒரு இருமலையும் சேர்த்த பிறகு சுமாராக உறுமுகிறது.

‘கிங் காங்’கில் வந்த பெரிய மதிலை 1938-ல் ‘கான் வித் தி விண்ட்’ படத்தில் நகரம் எரியும் காட்சிக்காகக் கொளுத்திய கதையையும் சேர்க்க நினைத்தேன். மூன்று நிமிடம் தாங்காது, விட்டுவிட்டேன். ஆனால் காங்கைச் சுடும் விமானத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ‘கிங் காங்’கின் இயக்குநர்கள் கூப்பரும் ஷோட்சாக்குமே என்பதை விட மனசில்லை. அதற்காக அட்டையில் ஒரு விமானம் செய்து நூலில் தொங்கவிட்டிருக்கிறேன். நூல் அப்பட்டமாகத் தெரிகிறது. பின்புலத்தின் சாம்பல் நிறத்தையே நூலுக்கும் பூசிக் காயவைத்திருக்கிறேன். நாளைக்கு மறுபடி எடுக்க வேண்டும்.