பழைய ஃபான்டில் கிடந்த கதைகளை மின்னூலாக்கியது

1920களில் காரைக்குடியிலிருந்து ‘ஊழியன்’, ‘குமரன்’ என்று பத்திரிகைகளே வந்தன. இப்போது எங்கள் தெருவில் அச்சகம் என்றால் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும்தான். கதைத் தொகுப்பு போட வெளியூர் போக வேண்டும், பெரும்பாலும் பணத்தையும் நாமே போட வேண்டும். என்னிடம் ஒரு தொகுப்புக்கு ஆகும் அளவு கதைகள் இருந்தன. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை, வியாபாரம் என்று போனவர்கள், அங்கிருந்து வந்த தேக்கில் கட்டிய வீடு, அந்த வீட்டுச் சாவி யாரிடம் இருப்பது என்று பங்காளிகளுக்குள் நடக்கும் இழுபறி, இப்படி. மின்னூலாகவே போட்டுவிடலாம் என்று இறங்கினேன்.

பெரிய வேலை வெப்சைட்டில் இல்லை, என் கணினியிலேயே இருந்தது. பாதிக் கதைகளை முன்பு ஒரு டிடிபி கடையில் கொடுத்து அடித்திருந்தேன். எல்லாம் பாமினி எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ‘அம்மா’ என்ற சொல் சில ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். என்எச்எம் கன்வர்ட்டர் இலவசம்தான், எல்லாக் கணினியிலும் போனிலும் படிக்கக்கூடிய யூனிகோடாக நொடியில் மாற்றிவிடுகிறது. ஆனால் அடித்தவர் எங்கெல்லாம் கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டாரோ, அங்கெல்லாம் கொம்பு மட்டும் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியாக நிற்கும். பழைய முறையில் கொம்பு முதலில், எழுத்து பிறகு. யூனிகோடில் அது தலைகீழ்.

அதையாவது கண்ணால் பிடித்துவிடலாம். பிடிக்க முடியாத ஒன்று ‘வௌவால்’. பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பற்றிய கதையில் வௌவால் வராமல் இருக்குமா? பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. தேடினால் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் பார்த்தால், அடித்தவர் எல்லா இடத்திலும் ‘வெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டிருக்கிறார். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு இரண்டும் வேறு சொல். துணையெழுத்துக்குப் பதில் ‘ர’ விழுந்த இடங்களும் இருந்தன. ‘ஃபைண்ட் ரீப்ளேஸ்’ போட்டால் ‘வெள்ளம்’, ‘வெளியே’ எல்லாம் சேர்ந்து கெட்டுவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்தினேன். இதைச் செய்யாமல் ஏற்றப்பட்ட தமிழ் மின்னூல்கள் நிறைய இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கியவருக்குச் செய்யும் மரியாதை அது இல்லை என்பது என் கட்சி.

அப்புறம் அமேசானின் கேடிபி, அவர்களுடைய கிண்டிலுக்கு மின்னூலை நாமே ஏற்றி விற்கும் தளம். கணக்குத் தொடங்க வங்கி எண், பான். அமெரிக்க வரிப் படிவம் ஒன்று வரும், பயப்பட வேண்டாம். நாம் இந்தியாவில் இருப்பவர் என்று சொல்லி பான் எண்ணைக் கொடுத்தால் அந்த நாட்டு விற்பனைக்கான பிடித்தம் 30 விழுக்காட்டிலிருந்து 15 ஆகிறது. மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. நூலுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் மின்னூலுக்குக் கட்டாயமில்லை. கதைத் தலைப்புகளுக்கு வேர்டில் ‘ஹெடிங்’ ஸ்டைல் கொடுத்தால் பொருளடக்கம் தானாக வந்துவிடும். அட்டைக்கு ஆத்தங்குடித் தரையைப் படமெடுத்து, 2560 பிக்சல் உயரம் 1600 அகலத்தில் வெட்டினேன். தம்பி மகன்தான் செய்து கொடுத்தான், தலைப்பு எழுத்து மட்டும் கொஞ்சம் சினிமா போஸ்டர் மாதிரி ஆகிவிட்டது.

விலை போடும் பக்கத்தில்தான் உட்கார்ந்து யோசித்தேன். இந்திய விற்பனையில் 70 விழுக்காடு நம் கைக்கு வர வேண்டுமென்றால் விலை 99 முதல் 449 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், ‘செலக்ட்’ திட்டத்திலும் சேர வேண்டும். சேராவிட்டால் 35. சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும், இலவசமாகக்கூட இருக்கக் கூடாது. என் கதைகளில் மூன்று ஏற்கெனவே பிரதிலிபி என்ற கதை வாசிப்புத் தளத்தில் இருந்தன. அவற்றை எடுத்தால் கீழே வந்திருந்த கருத்துகளும் போய்விடும். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் தன் ஐயா பர்மாவின் மௌல்மீனில் கடை வைத்திருந்ததைப் பத்திப் பத்தியாக எழுதியிருந்தார். அதைத் தனியாக நகலெடுத்து வைத்துக்கொண்டு கதைகளை எடுத்தேன். மனசு வரவில்லைதான்.

நூல் வெளியானதும் தேவகோட்டையில் இருக்கும் எங்கள் ஆச்சிக்கு இணைப்பை அனுப்பினேன். மறுநாள் போன்.

“ஏன்டி, இதுக்கு கார்டு நம்பர் எல்லாம் கேக்குதே? நம்ம வீட்டுக் கதையை நான் காசு கொடுத்தா படிக்கணும்? பிடிஎப்பா வாட்ஸ்அப்புல போடு, குரூப்ல எல்லாரும் பாத்துக்குவாக.”

“போட முடியாது ஆச்சி, 90 நாளைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“எவன்டி அவன், உன் கதைக்கு?”

விளக்கிச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. ஆனால் அவர் கேட்டது நியாயம். வாங்கியவர்கள், கிண்டில் ‘அன்லிமிடெட்’ சந்தாவில் படித்தவர்கள் எல்லாம் பெரும்பாலும் எனக்கு முன்பின் தெரியாதவர்கள். அதில் சந்தோஷமே. ஆனால் இந்தக் கதைகளில் வருகிற செட்டிநாட்டு வீடுகளின் வளவும் பட்டாலையும் யாருக்கு விளக்காமலே புரியுமோ, அவர்கள் கையில் அது போய்ச் சேரவில்லை.

செலக்ட் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அந்த டிக்கை முன்கூட்டியே எடுத்துவிட்டேன். கெடு முடிந்ததும், யாரும் பகிரலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் என்ற இலவச மின்னூல் தளத்துக்கு அனுப்பினேன். அங்கே இபப் என்ற மின்னூல் கோப்போடு ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎப்பும் கிடைக்கிறது, போனில் படிக்க அதுதான் வசதி. கிண்டிலில் 35 விழுக்காட்டில் தொடர்கிறது. ஆச்சி குரூப்பில் போட்டுவிட்டார். சாவிக் கதையில் வருகிற சித்தப்பா யார் என்று அங்கே இரண்டு கட்சியாகப் பிரிந்து விவாதம் நடக்கிறது, நான் வாயைத் திறக்கவில்லை.