மழையும் கூகையும்: ஹிக்லிங் (நார்ஃபோக், இங்கிலாந்து) நாட்குறிப்பு

ஜனவரி 4

மழை. கூகை வரல.

ஜனவரி 5

இன்னைக்கும் விடல. இவரு காலைல இருந்து ஃபோனையே பாத்துட்டு உக்காந்திருக்காரு, நான் ஜன்னல்கிட்டயே நிக்கிறேன். கூகையோட இறகு அவ்வளவு மெத்துனு இருக்கறதாலதான் பறக்குற சத்தமே கேக்காது, ஆனா அதே இறகு தண்ணிய தாங்காது, சீக்கிரம் நனைஞ்சு போயிரும். அதுவும் இல்லாம அது வேட்டையாடுறதே காதை வெச்சுத்தான், ஒரு காது கொஞ்சம் மேல, இன்னொண்ணு கொஞ்சம் கீழ, புல்லுக்கடியில வோல் எலி எங்க நகருதுன்னு அதுலதான் கணக்குப் போடும், மழை கொட்டுற சத்தத்துல என்னத்தக் கேக்கும்? உடம்புல பெருசா கொழுப்பும் சேத்து வெச்சுக்காது. ரெண்டு மூணு ராத்திரி தொடர்ந்து இப்படிப் போனா என்ன பண்ணும்னு நினைச்சு நினைச்சு எனக்குத் தூக்கம் வரல.

ஜனவரி 7

விடியுற நேரத்துல வாத்துக் கூட்டம், பிங்க்ஃபுட்தான், சத்தம் கேட்டே எழுந்துட்டேன். ஐஸ்லாந்து பக்கம் இருந்து குளிருக்கு நார்ஃபோக் வர்றதே சுகர் பீட்டுக்காகத்தான், அறுவடை முடிஞ்ச வயல்ல கெடக்குற தழையும் கிழங்குத் துண்டும் அதுங்களுக்குப் போதும். ஆனா அந்த மூலை வயலை நேத்தே உழுதுட்டாங்க. எல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சு. ரெண்டு வாரம் விட்டிருந்தா என்ன? கூட்டம் ஒரு சுத்து சுத்திட்டு கடல் பக்கம் போயிருச்சு. மனசே ஆறல.

கூகை இன்னும் கண்ணுல படல.

ஜனவரி 8

ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வரல.

ஜனவரி 10

மழை விட்டுச்சு! இவரே "கிளம்பு, ஸ்டப் மில்லுக்குப் போலாம்"னாரு. வேணாம், குளிரும்னேன், கேக்கல. மூணு மணிக்கெல்லாம் போய் நின்னோம், நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் இறங்கிருமே. நாணல் மேல மார்ஷ் ஹாரியர்ங்கற வேட்டைப் பறவை ஒண்ணு ஒண்ணா வந்து இறங்குது, எண்ணிட்டே இருந்து ஒரு கட்டத்துல விட்டுட்டோம். 1971-ல பிரிட்டன் முழுக்க ஒரே ஒரு ஜோடிதான் கூடு கட்டுச்சு, பூச்சிமருந்து அந்த அளவுக்கு அடிச்சுப் போட்டிருச்சு. அப்புறம் இருட்டப் போற நேரத்துல கிரேன் பறவை ரெண்டு, முதல்ல குரல்தான் வந்துச்சு. நானூறு வருஷத்துக்கு மேல இந்த நாட்டுல கூடு கட்டாம இருந்த பறவை, யாரும் கொண்டு வந்து விடல, 1979-ல தானா இந்த ஹார்ஸி பக்கம் வந்து இறங்கி அப்படியே தங்கிருச்சு. இவரு பைனாகுலர கீழ இறக்கவே இல்ல. திரும்புறப்போ இவருக்கு ரொம்ப மூச்சு வாங்குச்சு, ரெண்டு தடவ நின்னு நின்னுதான் கார் வரைக்கும் வந்தோம்.

ஜனவரி 11

வந்துச்சு!! மத்தியானம் ரெண்டு மணி, நல்ல வெளிச்சம், வாய்க்கால் கரை ஓரமாவே போகுது, நிக்குது, திரும்புது, தொபுக்குனு புல்லுக்குள்ள விழுந்துச்சு. எழுந்தப்போ கால்ல எலி. அந்தக் கரையில மட்டும் புல்ல வெட்டாம விட்டிருக்காங்க, பழைய புல்லு மடிஞ்சு மெத்தை மாதிரி கெடந்தாத்தான் வோல் தங்கும், வோல் இருந்தாத்தான் இது. இருந்தாலும் பகல்ல வந்திருக்குன்னா ராத்திரிப் பசி தீரலைன்னுதானே அர்த்தம்? இங்க குளிர்காலத்துல பகல்லயும் வேட்டையாடுறது வழக்கந்தான்னு பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னாரு. அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா ஜோடில இன்னொண்ணு எங்க?

ஜனவரி 12

ஒண்ணுதான் வருது.

ஜனவரி 14

ஃபோன் வந்துச்சு. நாளைக்குக் காலைல ரெண்டு பேரையும் நேர்ல வரச் சொல்றாங்க, ஃபோன்ல சொல்ல மாட்டாங்களாம். இவரு சட்டைய இஸ்திரி போட்டுட்டு இருக்காரு. மறுபடி தூற ஆரம்பிச்சிருச்சு, சாயங்காலத்துக்குள்ள கரைப் பக்கம் ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துரணும்