கப்பல் சாப்பாடு

எந்தச் சொகுசுக் கப்பலில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். ருசிதான் முக்கியம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓசியானியா நிறுவனத்தின் கப்பல். அங்கே சிறப்பு உணவகங்களுக்கும் தனிக் கட்டணம் கிடையாது. கார்னிவல் கப்பல்களில் பர்கர் இலவசம். வதக்கிய வெங்காயம், காளான் எல்லாம் நாமே அள்ளிப் போட்டுக்கொள்ளலாம். இத்தனை மணிக்குத்தான் சாப்பிட வேண்டும் என்ற நேரக் கட்டுப்பாடு பிடிக்காதவர்களுக்கு நார்வீஜியன் கப்பல்கள் சரி.

ஆனால் என் மனம் டிஸ்னி கப்பலில்தான். இரவுக்கு இரவு உணவகம் மாறும், பரிமாறுகிறவர்கள் மட்டும் மாறாமல் நம்மோடே வருவார்கள். முதல் நாள் மகள் சாஸைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினாள். மறுநாள் வேறு உணவகம், வேறு மேசை. அவளுக்கு மட்டும் சாஸ் தனியாகச் சின்னக் கிண்ணத்தில் வந்தது. நாங்கள் கேட்கவே இல்லை!