தாது வருடத்தில் பிறந்த அம்மிச்சி

2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், அம்மாவைப் பெற்ற அம்மிச்சி காலமானபோது, இறப்பைப் பதிவு செய்வதற்காக மாமா ஒரு தாளில் விவரங்களை எழுதிக்கொண்டிருந்தார். பெயர், ஊர், கணவர் பெயர் என்று விரைவாக நிரம்பிய அந்தத் தாள், வயது என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டது. ஆதார் அட்டையில் 1941 ஜனவரி 1 என்றிருந்தது. பழைய குடும்ப அட்டையின்படி கணக்கிட்டால் இன்னும் நான்கு வயது குறைந்தது. வாக்காளர் அட்டை இரண்டோடும் ஒத்துப்போகவில்லை. அம்மிச்சியிடம் வயதைக் கேட்டவர்களுக்கு அவர் எண்ணைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "தாது வருசம், மாசி மாசம்" என்பார். அதற்கு மேல் கணக்குப் போடுவது கேட்டவர் பாடு.

தமிழ் ஆண்டு வட்டத்தில் தாது அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். அம்மிச்சி பிறந்த தாது 1936 ஏப்ரலில் தொடங்கியது. மாசி என்றால் 1937. அதற்கு முந்தைய தாது 1876இல் வந்தது. மழை பொய்த்து, சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்கள் உட்பட சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியை 1878 வரை வாட்டிய அந்தப் பஞ்சத்துக்கு இன்றுவரை தாது வருடப் பஞ்சம் என்றே பெயர். அம்மிச்சியின் அப்பத்தா அப்போது பத்து வயதுச் சிறுமி. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கஞ்சித்தொட்டிக்கு நடந்ததையும், திரும்பி வரும்போது இடுப்பு வெறுமையாக இருந்ததையும் அவர் சொல்ல அம்மிச்சி கேட்டிருக்கிறார்; அம்மிச்சி சொல்ல நான் கேட்டிருக்கிறேன். நிவாரண வேலைக்கு வரும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற ஆங்கில அதிகாரி வரையறுத்த கதையைப் பிற்காலத்தில் படித்தேன். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அம்மிச்சிக்கு டெம்பிளைத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மொடா.

மறுபடியும் ஒரு தாதுவில் வீட்டில் பெண் குழந்தை பிறந்ததும் அந்தக் கிழவி பயந்துபோய், பெரிய மண் மொடா ஒன்றை வாங்கிவரச் செய்து, அதில் ராகியை நிரப்பி மூடச் சொன்னாராம். ராகியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சோளத்திலும் கம்பிலும் எளிதாகப் பூச்சி விழும். நன்றாகக் காய்ந்த ராகியோ ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும். அந்தத் தாதுவில் பஞ்சம் வரவில்லை. மொடா மட்டும் வீட்டில் நின்றுவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை, புது ராகி களத்திலிருந்து வந்த பிறகு, பழையதை எடுத்துப் புழங்கிவிட்டுப் புதியதைக் கொட்டி, மூடியின் விளிம்பில் சாணமும் செம்மண்ணும் குழைத்துப் பூசுவார்கள். இடையில் எக்காரணம் கொண்டும் அதைத் திறக்கக் கூடாது.

அம்மிச்சி பிறந்தது காங்கேயத்துக்குத் தெற்கே, மழையை மட்டுமே நம்பிய ஒரு மேட்டுநிலத் தோட்டத்தில். கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம், அதில் கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரங்கள், ஆழமான ஒரு கிணறு. மூன்றாம் வகுப்போடு பள்ளி நின்றது. அவருடைய அப்பா விடியும் முன், எருது பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலையை ஓட்டுவார். எருதுகள் வாரி என்ற சரிவுப் பாதையில் இறங்கும்போது, சால் என்ற பெரிய வாளி மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். அந்தத் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மடை மாற்றிவிடும் வேலை ஏழு வயதிலிருந்து அம்மிச்சியுடையது. எத்தனை சாலுக்கு ஒரு பாத்தி நிரம்பும் என்பதை அவர் எண்பது வயதிலும் மறக்கவில்லை. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, ஆறு மாதத்தில் வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கு மாறும் என்பதை எனக்குக் காட்டித் தந்தவரும் அவர்தான். கன்று மாறிப்போய்விட்டது என்று நான் அழுத கதையை வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பதினாறு வயதில், பெருந்துறைப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு மணமாகி வந்தார். சீர் வரிசையோடு ஒரு கறவை மாடும் அந்த மொடாவும் வண்டியில் வந்தன. மொடாவைப் பார்த்து மாமியார் வீட்டில் சிரித்தார்களாம். அம்மிச்சி அதைப் பொருட்படுத்தாமல் அடுப்படிக்குப் பின்னால் இருந்த இருட்டறையின் மூலையில் மணல் கொட்டி அதை உட்கார வைத்தார்.

வந்த சில ஆண்டுகளிலேயே அந்த ஊரின் முகம் மாறியது. 1955இல் பவானிசாகர் அணை கட்டி முடிக்கப்பட்டு, கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் தொலைவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. பாசனம் பெற்ற 2,07,000 ஏக்கரில் பாதிக்கு ஒரு முறையும் மறு பாதிக்கு அடுத்த முறையும் தண்ணீர் விடுவார்கள். அதுவரை அரிசிச் சோறு என்பது நோம்பி என்ற பண்டிகை நாளுக்கும் விருந்தாளிக்கும்தான். மற்ற நாள்களில் கம்பஞ்சோறு, சோளச்சோறு, ராகிக் களி. வாய்க்கால் வந்த பிறகு நெல் வந்தது, மஞ்சள் வந்தது, வீட்டுப் பேச்சே மாறியது. அம்மிச்சியின் நாட்காட்டியில் எல்லா நிகழ்ச்சிக்கும் அதுதான் அடையாளம். பெரிய மாமா பிறந்தது வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்ததற்கு மறு வருடம். அம்மா பிறந்தது கிணற்றில் கரண்டு மோட்டார் வைத்த வருடம். புது வீடு கட்டியது மஞ்சள் விலை ஏறிய வருடம்.

மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அலுவலகத் தாளில் தொழில் என்ற இடத்தில் மாமா தயங்காமல் "இல்லத்தரசி" என்று எழுதினார். நட்டது முதல் வெட்டுவது வரை ஒன்பது பத்து மாதங்கள் நிற்கும் பயிர் அது. வெட்டியபின் கிழங்கை ஆய்ந்து, கொப்பரையில் வேகவைத்து, களத்தில் பதினைந்து நாள் போல உலர்த்தி, மெருகேற்றிய பிறகுதான் ஈரோட்டுச் சந்தைக்குப் போகும். வேகும் பதத்தைப் பார்ப்பது அம்மிச்சியின் பொறுப்பு. ஈர்க்குச்சியால் ஒரு கிழங்கைக் குத்திப் பார்த்து அவர் தலையசைத்தால்தான் தீயை அணைப்பார்கள். இந்த விலைக்கு விற்கலாமா, மூட்டைகளை இன்னும் ஓராண்டு கிடப்பில் போடலாமா என்று அவர் கணவரான அப்புச்சி வெளியில் நாலு பேரைக் கேட்பார். முடிவு அடுப்படியில்தான் எடுக்கப்படும். தொழில் என்ற இடத்தில் "விவசாயம்" என்று எழுதலாமே என்று நான் சொன்னதற்கு, "அம்மா பேர்ல பட்டா இல்லையேப்பா" என்றார் மாமா. அவர் சொன்னதும் உண்மைதான். மகள்களுக்கும் பூர்விகச் சொத்தில் சம உரிமை தந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு முன்பே மணமானவர்களை அது விலக்கிவைத்தது. 2005இல் நாடு முழுவதற்குமான திருத்தம் அந்த விலக்கை நீக்குவதற்குள் அவருடைய தம்பிகள் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்து முடித்திருந்தார்கள். இது பற்றி அம்மிச்சி குறைபட்டு நான் கேட்டதில்லை. ஆனால் பொங்கல் சீர் வாங்கி வரும் தம்பிகளிடம் கொறங்காட்டு வெள்வேல மரங்கள் இருக்கின்றனவா என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்பார். ஒரு மரத்தை வெட்டியது தெரிந்தால் அன்று முழுவதும் பேசமாட்டார்.

அவர் அதட்டலும் பிடிவாதமும் நிறைந்தவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மருமகள்கள் அளக்கும் அரிசியை மறுபடி அளந்து பார்ப்பார். அத்தைக்கு அதில் நியாயமான வருத்தம் இருந்தது. கிலோக் கணக்கு வந்து எத்தனையோ ஆண்டுகள் கழிந்தபின்னும், நான்கு படி ஒரு வள்ளம் என்ற கணக்கை விட்டு அவர் இறங்கவே இல்லை.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. நான் வேலை செய்த நகரத்திலிருந்து அதற்குச் சில நாள் முன்பே ஊருக்கு வந்திருந்தேன். கடைகள் மூடிக்கிடந்தன, பேருந்து இல்லை, சந்தை இல்லை, தொலைக்காட்சியில் மூட்டை முடிச்சோடு நடந்துபோகும் மக்கள் கூட்டம். அம்மிச்சி அந்தக் காட்சியை நெடுநேரம் பார்த்தார். சித்திரை பிறந்து இரண்டு நாள் இருக்கும். என்னை அருகில் அழைத்தார்.

"கண்ணு, இது என்ன வருசம்?"

பஞ்சாங்கத்தைப் பார்த்து, "சார்வரிங்க அம்மிச்சி" என்றேன்.

"தாது எப்ப வருது?"

விரல் விட்டு எண்ணினேன். "இன்னும் முப்பத்தாறு வருசம் இருக்குதுங்க."

"அப்பறம் என்ன, இது போயிரும்" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் மொடாவைத் திறங்க" என்றார்.

எனக்குத் தெரிந்து பருவம் தவறி அதைத் திறந்தது அந்த ஒரு முறைதான். மஞ்சள் வெட்ட வந்து ஊர் திரும்ப முடியாமல் தங்கிவிட்ட நான்கு குடும்பங்களுக்கும் அத்தையே படி பிடித்து அளந்து கொடுத்தார். அன்று அம்மிச்சி மறுபடி அளக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, படியில் ராகி கோபுரமாக நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ரேஷன் கடையில் இலவச அரிசி கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், அது எத்தனை நாளைக்குக் காணும் என்று விசாரித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார். அடுத்த அறுவடையில் மொடா மீண்டும் நிரம்பியது.

கடைசி இரண்டு ஆண்டுகளில் கண்பார்வை மங்கி, நடமாட்டம் கட்டிலுக்கும் திண்ணைக்கும் இடையில் சுருங்கிவிட்டது. ஒரு விடியற்காலையில், காப்பி கொண்டுபோன அத்தைதான் முதலில் பார்த்தார். வாய்க்காலில் தண்ணீர் திறக்க இன்னும் சில நாள்களே இருந்தன. ஆதாரில் உள்ளபடி இல்லாவிட்டால் பின்னால் சிக்கல் வரும் என்று மாமா தாளில் 83 என்றே எழுதினார். ஊரில் ஒட்டிய சுவரொட்டியில் 87 என்று அச்சடித்தோம்.

கருமாதி முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, இருட்டறையைச் சுத்தம் செய்யும்போது மொடாவை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. அம்மா மூடியைச் சுற்றியிருந்த பூச்சைச் சுரண்டித் திறந்தார். ராகி சிவப்பு மாறாமல் இருந்தது. அம்மிச்சியின் இரும்புப் படியை எடுத்து, அவரைப் போலவே முதல் படியை "லாபம்" என்று சொல்லித் தொடங்கி, ரெண்டு, மூணு என்று எண்ணி அளந்து முறத்தில் கொட்டினார். பதினாறு படி, சரியாக நான்கு வள்ளம். அத்தை அந்த ராகியை மறுபடியும் அளந்து பார்த்தார். பிறகு அதை மொடாவிலேயே கொட்டிவிட்டு, தையில் புது ராகி வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி, பூசுவதற்குச் சாணம் எடுத்துவர என்னை மாடு கட்டும் தொண்டுப்பட்டிக்கு அனுப்பினார்.