பால்மாப் பக்கற்றை யார் வாங்குவார்?

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடிப் பக்கம் இருக்கும் எங்கள் பிளாஸ்டிக் மீள்சுழற்சிப் பட்டறைக்கு வரும் மூட்டைகளில் என்ன இருக்கிறது என்பதைக் கட்டவிழ்க்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். கையால் அமுக்கும்போது சத்தமில்லாமல் உள்ளே போனால் சொப்பிங் பை, சீனிப் பை வகை. சரசரவென்று இரைந்தால் பிஸ்கட், மிக்சர் உறைகள். அமுக்கிய இடம் அமுங்கியபடியே நின்றால் பால்மாப் பக்கற். முதலாவதற்குக் காசு உண்டு. இரண்டாவதற்குச் சில மாதங்களில் உண்டு, சில மாதங்களில் இல்லை. மூன்றாவதை யாரும் வாங்குவதில்லை.

இந்த வேலைக்கு வருமுன் நான் கொழும்புப் பக்கம் உணவுப் பக்கற்றுகளுக்கான உறை செய்யும் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். அங்கே எங்களுடைய கவலை எல்லாம் படலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுவிடக் கூடாது என்பதுதான். ஒட்டிய படலத்தில் ஒரு கீற்று வெட்டி, இரண்டு பக்கமும் கவ்வி இழுத்து, எவ்வளவு விசைக்குப் பிரிகிறது என்று அளப்போம். பிரிய மறுத்தால் சந்தோஷம், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். இப்போது அதே உறை மூட்டைக்குள் என்னிடம் வருகிறது. அன்றைக்குச் சந்தோஷம் தந்த அந்தப் பிடிவாதம்தான் இன்றைக்குத் தலையிடி.

ஒரு பால்மாப் பக்கற்றின் விளிம்பை நகத்தால் சீண்டி மெதுவாகக் கிழித்துப் பாருங்கள். வெளியே அச்சடித்த பொலியெஸ்டர், பெரும்பாலும் 12 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்). நடுவே அதைவிட மெல்லிய அலுமினியத் தாள். உள்ளே பொலித்தீன். வெளிப்படலம் அச்சையும் சூட்டையும் தாங்கும். அலுமினியம் காற்று, ஈரம், வெளிச்சம் மூன்றையும் மறிக்கும். உள்ளே இருக்கும் பொலித்தீன் உருகி ஒட்டி வாயை மூடும். ஒவ்வொன்றும் தன் வேலையை நன்றாகத்தான் செய்கிறது. மீள உருக்க எடுக்கும்போதுதான் வில்லங்கம். பொலித்தீன் 110, 120 பாகையிலேயே இளகிவிடும், பொலியெஸ்டருக்கு 250 பாகைக்கு மேல் வேண்டும். ஒன்று குழம்பாக ஓடும்போது மற்றது துண்டு துண்டாக மிதந்து உருக்கும் மெஷினின் வடிவலையை அடைக்கும். பிட்டும் தேங்காய்ப்பூவும் குழலுக்குள் அடுக்கடுக்காய் இருந்தாலும் தட்டில் தள்ளினால் பிரிந்துவிடும். இது ஒரு தட்டிலும் பிரியாது.

இப்படி ஏன் செய்தார்கள் என்று கோபப்படுவது சுலபம். ஆனால் நம்முடைய கரையில் மார்கழி மாதத்தில் பிஸ்கட் பக்கற்றைத் திறந்து வைத்துவிட்டு ஒரு மத்தியானம் போய் வந்தவருக்குத் தெரியும், அந்த உறை எதற்கு என்று. பால்மாவில் கொழுப்பு இருக்கிறது. காற்றுப் பட்டால் காறும், ஈரம் பட்டால் கட்டிபடும். பழுதான பால்மாவும் ஒரு வீண்தான்.

பட்டறையில் பிரிக்கும் மேசைக்கு மூத்தவர் ஒருவர் இருக்கிறார், எல்லாருக்கும் மாமி. வாளித் தண்ணீர்தான் அவருடைய ஆய்வுகூடம். பொலித்தீனும் பொலிப்புரொப்பிலீனும் மிதக்கும், பொலியெஸ்டர் தாழும். ஒருநாள் உருளைக்கிழங்குப் பொரியல் உறை ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

“மனே, இது மிதக்குது. ஆனா உள்ளுக்கு வெள்ளி. எந்தப் பக்கம் போட?”

நல்ல கேள்வி. வெள்ளியாக மினுங்குவதெல்லாம் அலுமினியத் தாள் அல்ல. உறையை மின்குமிழுக்கு நேரே பிடித்தால், தாள் என்றால் ஒன்றும் தெரியாது. ஆவியாக்கிப் பூசிய அலுமினியம் என்றால் குமிழின் வெளிச்சம் மங்கலாக ஊடுருவும். அந்தப் பூச்சு மைக்ரோனில் ஒரு சிறு பங்குதான். மாமி காட்டிய உறை இரண்டு பொலிப்புரொப்பிலீன் படலங்களை ஒட்டியது. ஆக, கிட்டத்தட்ட முழுவதும் ஒரே பொருள். உருக்கினால் சாம்பல் நிறக் குருணை (மறுபடி பொருள் வார்க்கும் சிறு பிளாஸ்டிக் மணிகள்) வரும், அவ்வளவுதான். “அப்ப இதை எண்ணெய்ப் போத்தல் மூடியோட போடலாம்” என்று அவரே முடிவு சொல்லிவிட்டார். சரியான முடிவு. எங்களிடம் வரும் அந்த மூடிகளும் பொலிப்புரொப்பிலீன்தான்.

பொருள் சரியாக இருந்தாலும் எல்லாம் ஆகிவிடாது. கரையோர மூட்டைகளில் மணல் வரும். அது வெட்டும் மெஷினின் கத்தியைத் தின்னும். ஐப்பசி பிந்தி மழை தொடங்கினால் கழுவிய பொலித்தீன் காயாது, ஈரத்தோடு போட்டால் குருணைக்குள் குமிழி விழும். மெல்லிய படலத்தில் எடைக்கு மேற்பரப்பு அதிகம் என்பதால் அழுக்கும் ஈரமும் போத்தலைவிடக் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். இவ்வளவையும் தாண்டி வருகிற குருணை, குப்பைப் பைக்கும் தோட்டத்துக் கருப்புக் குழாய்க்கும் போகிறது. வட்டப் பொருளாதாரம் என்று பயிற்சிப் பட்டறைகளில் படம் போட்டுக் காட்டுவார்கள். உறை மறுபடி உறையாக வரும் அந்த வட்டம் இங்கே இன்னும் அரைவாசிதான் கீறப்பட்டிருக்கிறது.

அலுமினியத் தாள் உறைகளுக்கு அதுவும் இல்லை. புத்தளத்துச் சீமெந்துச் சூளையில் இப்படியான கழிவை எரிபொருளாக எடுப்பார்கள். ஆனால் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குக் காற்றடைத்த மாதிரி ஒரு லொறி பக்கற் ஏற்றிப்போக யார் கூலி கொடுப்பது? மிச்சம் குப்பைமேட்டுக்குத்தான். அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில் குப்பைமேட்டுப் பிளாஸ்டிக்கைத் தின்று செத்த யானைகளின் படம் 2022 தையில் உலகப் பத்திரிகைகளில் வந்தது நினைவிருக்கும். எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் என்று எழுதினார்கள். சாப்பாட்டு வாசம் ஒட்டிய உறையை யானை எந்தப் பொருள் என்று பார்க்குமா?

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2017 புரட்டாதியில் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனும் சோறு பொதியும் லன்ச் சீற்றும் தடையாயின. 2021 பங்குனியில் 20 கிராமுக்கு உட்பட்ட சின்னப் பக்கற்றுகள் தடையாயின, உணவும் மருந்தும் விலக்கு. 2025 கார்த்திகையிலிருந்து கைபிடி வைத்த பொலித்தீன் பை கடையில் இலவசமில்லை. எல்லாம் தேவையானதுதான். ஆனால் இவை தடிப்பையும் அளவையும் விலையையும் பார்க்கின்றன. எதை எதோடு ஒட்டினாய் என்று யாரும் கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் அதைக் கேட்கத் தொடங்கிவிட்டது. 2030க்குள் அங்கே சந்தைக்கு வரும் பொதிகள் எல்லாம் மீள்சுழற்சிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய 2025ஆம் ஆண்டு ஒழுங்குவிதி. அங்கே ஏற்றுமதி செய்பவர்களுக்கு இது கட்டளைதான், நமக்குள் விற்பவர்களுக்கு இல்லை.

உறையைக் கிட்டத்தட்ட ஒரே பொருளில் செய்ய வழி தெரியாமல் இல்லை. வெளியே இழுத்து வலுவாக்கிய பொலித்தீன், உள்ளேயும் பொலித்தீன், காற்றை மறிக்க நடுவில் எத்திலீன் வினைல் அல்கஹோல் என்ற தடுப்புப் பிளாஸ்டிக் கொஞ்சம். அது மொத்த எடையில் 5 வீதத்தைத் தாண்டாவிட்டால் பொலித்தீனோடேயே உருக்கலாம் என்பது தொழிலில் ஏற்றுக்கொண்ட வரம்பு. பெரிய ஆலைகளுக்குச் சிக்கல் மூடும் இடத்தில் வருகிறது. அங்கே சூடான தாடைகள் வெளிப்பக்கத்தால் அழுத்தி மூடும். பொலியெஸ்டர் அந்தச் சூட்டைக் கணக்கெடுக்காது. வெளியேயும் பொலித்தீன் என்றால் அது இளகித் தாடையில் ஒட்டும். சூட்டைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும், வேகம் குறைந்தால் முதலாளி முகம் மாறும்.

எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. பெரிய ஆலைக்குக் கஷ்டமான இந்த மாற்றம் நம்மூர்ச் சிறிய பொதியிடுநர்களுக்குக் கஷ்டமே இல்லை. அவர்களிடம் இருப்பது கையால் அமுக்கும் சீல் மெஷின். டெஃப்லோன் துணிக்கு அடியில் கம்பி ஒரு கணம் சூடாகி ஆறும். அந்த மெஷினே பொலித்தீன் பைக்காகச் செய்ததுதான். அப்படியிருந்தும் ஆரையம்பதியில் அரிசிமா, குரக்கன்மா, மிளகாய்த்தூள் பொதியிடும் பெண்கள் குழு ஒன்று எல்லாவற்றையும் வெள்ளித்தாள் பவுச்சில்தான் போட்டுக்கொண்டிருந்தது. கேட்டால், “கடைக்காரர் அப்படித்தான் கேக்கிறார் தம்பி, அதுலதான் பெரிய கொம்பனி மாதிரிக் கிடக்கு” என்றார்கள்.

மாவுக்கு அது தேவையில்லை. ஓரிரு மாதத்தில் விற்றுப்போகும் மாவை ஈரத்திலிருந்து காக்கத் தடித்த பொலித்தீனே போதும், மலிவும்கூட. இரண்டு மாவையும் அதற்கு மாற்றிவிட்டார்கள். மிளகாய்த்தூளை மாற்ற நான் சொல்லவில்லை, ஏனென்றால் பொலித்தீன் ஈரத்தை மறிக்குமே தவிர வாசத்தைப் பிடித்து வைக்காது. வாசம் போன தூளை இந்த ஊரில் யாரிடம் விற்பது? அதற்கு அந்தத் தடுப்புப் படலம் சேர்த்த றோல் வேண்டும். விற்பவர் ஒரே தடவையில் வாங்கச் சொல்லும் அளவு இவர்களுக்குப் பல வருடத்துக்குக் காணும். கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் தூள் பொதியிடும் வேறு சிலரையும் சேர்த்து, அச்சில்லாத ஒரே றோலை வாங்கிப் பிரித்து, அவரவர் பெயரை ஸ்டிக்கரில் ஒட்டினால் கணக்குச் சரிவரும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஸ்டிக்கரையும் பொலித்தீனிலேயே அடியுங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். காகிதம் என்றால் கழுவும் தொட்டியில் கூழாகி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும், பிறகு மாமியிடம் பேச்சு வாங்குவது நான்தான்.